கிரேட் டிக்ஸ்டர்: முதல்முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் பழைய வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் போவது பெரிய பெரிய அரண்மனைகளுக்குத்தான். கயிறு கட்டித் தடுத்த அறைகள், தங்க முலாம் பூசிய கூரை, சுவரெல்லாம் முறைத்துக்கொண்டிருக்கும் பிரபுக்களின் படங்கள், நாலாவது அறையிலேயே கால் கடுக்க ஆரம்பித்துவிடும். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாட்டுப்புறத்து மேனர் வீடு எப்படி இருக்கும், அதைச் சுற்றி ஒரு தோட்டம் எப்படி உருவாகும் என்று பார்க்க வேண்டுமானால் நான் கைகாட்டுவது கிழக்கு சசெக்ஸில் நார்தியம் என்கிற ஊரை ஒட்டி இருக்கும் கிரேட் டிக்ஸ்டரை. மேனர் என்றால் கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை. நிலபுலன் வைத்திருந்தவர் குடியிருந்து பண்ணையம் பார்த்த வீடு. டிக்ஸ்டரில் அந்தப் பண்ணை வாடை இன்னும் போகவில்லை. களஞ்சியம் இருக்கிறது, பழைய மாட்டுக்கொட்டகை இருக்கிறது, பீருக்குப் போடும் ஹாப் பூவை உலர்த்திய சூளைக் கட்டடம் இருக்கிறது, இவற்றுக்கு இடையில் இண்டு இடுக்கெல்லாம் தோட்டம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இது செய்து முடித்துக் காட்சிக்கு வைத்த தோட்டம் இல்லை, தினமும் வேலை நடக்கிற தோட்டம். போன மாதம் நண்பர் எடுத்த படத்தில் இருந்த பூ இந்த மாதம் அங்கே இருக்காது, அந்த இடத்தில் வேறு எதையோ நட்டிருப்பார்கள். அதனால் எந்த மாதம் போகிறீர்கள், உள்ளே போய் எதை எதற்கு அப்புறம் பார்க்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

மாதம் முதலில், தேதி அப்புறம்

வசந்தம் தொடங்கும்போது திறந்து அக்டோபர் கடைசியில் பொதுமக்களுக்குக் கதவைச் சாத்துவார்கள். வழக்கமாகத் திங்கட்கிழமை விடுமுறை, வங்கி விடுமுறையாக வரும் திங்கள் மட்டும் விதிவிலக்கு. தோட்டம் காலை பதினொரு மணி வாக்கில் திறக்கும், வீட்டுக்குள் விடுவது அதற்குப் பிறகுதான். நேரமும் கட்டணமும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர்களுடைய இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஏப்ரலில் போனால் வெட்டாமல் விட்ட புல்லுக்குள் காட்டு டாஃபடில், அப்புறம் பாம்புத்தலை ஃப்ரிட்டிலரி என்கிற ஊதாப் பூ. கட்டம் போட்ட துணியை மடித்துத் தைத்ததுபோல இதழில் சதுரம் சதுரமாக இருக்கும். குனிந்து பார்க்காவிட்டால் கண்ணிலேயே படாது. ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் ட்யூலிப்புக்கு. ஜூனில் அதே புல்வெளியில் புள்ளி போட்ட காட்டு ஆர்க்கிட் புல்லோடு புல்லாக நிற்கும், பூக்கடை ஆர்க்கிட்டை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் தாண்டிப் போய்விடுவீர்கள். ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை லாங் பார்டர் என்கிற நீளப் பாத்தியின் காலம். ஆகஸ்ட் கடைசி முதல் முதல் உறைபனி வரைக்கும் வெப்பமண்டலச் செடிகள் இருக்கும் எக்ஸாட்டிக் கார்டனின் காலம்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் எது? என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் வாரம். ரோஜா, ட்யூலிப் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம், புல்வெளியும் அதற்குள் அறுத்துப்போட்டு மொட்டையாகத்தான் கிடக்கும். ஆனாலும் கூட்டம் குறைந்திருக்கும், எக்ஸாட்டிக் கார்டன் தலைக்கு மேல் வளர்ந்திருக்கும், வெயிலும் சாய்ந்து அடிக்கும்.

போவது எப்படி

லண்டனிலிருந்து காரில் போனால் ஏ21 சாலையில் தெற்கே இறங்கி ஏ268 பிடித்து நார்தியம். இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் வந்ததும் பழுப்பு நிறச் சுற்றுலாப் பலகை வழிகாட்டும், கடைசிச் சந்து குறுகலானது, எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும்.

கார் இல்லையென்றால் செயின்ட் பாங்க்ராஸில் அதிவேக ரயில் ஏறி ஆஷ்ஃபோர்டில் இறங்குங்கள், நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிடும். அங்கே ஹேஸ்டிங்ஸ் போகும் சின்ன ரயிலுக்கு மாறி ரை ஊரில் இறங்க வேண்டும். ரையிலிருந்து நார்தியத்துக்குப் பேருந்தோ டாக்சியோ. இங்கேதான் கவனம்: கிராமத்துப் பேருந்து அடிக்கடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமையை நம்பவே வேண்டாம். போகும் பேருந்தைப் பார்ப்பதற்கு முன்னால் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் நடை.

பழைய வீடுகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள் அதை நீட்டி உள்ளே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். டிக்ஸ்டர் நேஷனல் டிரஸ்டைச் சேர்ந்தது இல்லை, தனி அறக்கட்டளை நடத்துகிறது. தோட்டத்துக்கு மட்டும் ஒரு டிக்கெட், வீட்டையும் சேர்த்தால் இன்னொரு விலை. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வீட்டையும் சேர்த்தே வாங்குங்கள், காரணம் பின்னால் வருகிறது.

செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பாதையெல்லாம் பழைய கல், மேடு பள்ளம், மழை பெய்தால் வழுக்கும், அங்கங்கே படிகள். குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவது சிரமம். வயதானவர்களை அழைத்துப்போனால் கைத்தடி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும்: செடிக்குச் செடி பெயர்ப்பலகை இருக்கும் என்று எண்ணாதீர்கள், பிடித்ததைக் குறித்துக்கொண்டு போய்த் தோட்டக்காரர்களிடமோ நர்சரியிலோ கேட்பதுதான் வழி.

வாசலில் அவசரப்படாதீர்கள்

டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்ததும் நேராக ஒரு கல்பாதை, இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குப் புல். பிரபலமான தோட்டத்தின் வாசலில் புல்லை ஏன் இப்படி வளர விட்டிருக்கிறார்கள் என்று கேட்பவர்களை நீங்களே அங்கே பார்க்கலாம். வேண்டுமென்றே விட்டது அது. இந்த வீட்டை 1910இல் வாங்கிய நத்தானியேல் லாய்டின் மனைவி டெய்சிக்குப் புல்வெளியில் காட்டுப் பூக்களை வளர்ப்பதில் ஆசை. அவருடைய கடைசி மகன் கிறிஸ்டோபர் அதை விடாமல் தொடர்ந்தார். உரமே போடாமல், பூத்து விதை உதிர்ந்த பிறகே அறுத்து, அறுத்த புல்லை அங்கேயே விடாமல் அள்ளிக்கொண்டுபோய்விடுவார்கள். மண்ணில் சத்துக் குறையக் குறையப் புல் மெலிந்து பூச்செடிக்கு இடம் கிடைக்கும்.

பாதை முடிகிற இடத்தில் வீட்டின் முன்தாழ்வாரம். அது லேசாகச் சாய்ந்து நிற்கும், கேமரா கோணல் இல்லை, கட்டடமே அப்படித்தான். அதன் இரு பக்கமும் தொட்டிச் செடிகளைக் கூட்டமாக அடுக்கியிருப்பார்கள். பருவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருக்கும் அடுக்கு இது, ஒரு தொட்டி வாடினால் எடுத்துவிட்டு அடுத்ததை வைத்துவிடுவார்கள். வீட்டில் மொட்டைமாடியோ பால்கனியோ மட்டும் உள்ளவர்கள் இங்கே கால் மணி நேரம் நின்று, எந்த உயரம் பின்னால், எந்த இலை முன்னால் என்று பார்த்தால் உடனே பயன்படும் பாடம் இதுதான்.

இங்கேயே தலையை நிமிர்த்தி வீட்டை முழுதாகப் பாருங்கள். ஒரே பழைய வீடு போலத் தெரியும். உண்மையில் மூன்று வீடுகளின் கூட்டு. நடுவில் இருப்பது 15ஆம் நூற்றாண்டின் மத்தியில் கட்டிய மரச்சட்ட வீடு. அதோடு சேர்த்து கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யன்ஸ் புதிதாகக் கட்டிய பகுதி. பின்பக்கம் இருக்கும் மூன்றாவது வீடு இந்த ஊரே இல்லை. பக்கத்து கென்ட் மாவட்டத்தில் பெனென்டன் என்கிற ஊரில் இடிந்துபோகும் நிலையில் கிடந்த பழைய மர வீட்டை லாய்டு 75 பவுண்டுக்கு வாங்கி, உத்தரம் உத்தரமாகக் கழற்றி, எண் போட்டு, இங்கே கொண்டுவந்து மறுபடி மாட்டினார்கள். லுட்யன்ஸ் பெயர் கேட்டதாக இருக்கிறதே என்றால் அவரேதான், தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டியவர். இங்கே வேலை முடிகிற 1912இல்தான் புது தில்லித் திட்டத்துக்கு அழைக்கப்பட்டார். தில்லியில் அகலச் சாலையும் குவிமாடமும் போட்ட அதே ஆள் இங்கே பழைய ஓட்டுக்கூரைக்குப் பொருந்துகிற மாதிரி, தன் கைவேலை எது என்று தெரியாதபடி அடங்கி வேலை பார்த்திருக்கிறார். எனக்கு தில்லி லுட்யன்ஸைவிட இந்த லுட்யன்ஸைத்தான் பிடிக்கும்.

தோட்டத்தை இப்படிச் சுற்றுங்கள்

வீட்டைச் சுற்றித்தான் தோட்டம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வட்டம் வந்துவிடலாம், தொலைந்துபோக வழியில்லை. ஆனால் ஒரேயடியாக எல்லாம் கண்ணில் படாது. யூ என்கிற ஊசியிலை மரத்தை நெருக்கி நட்டுச் சுவர்போல வெட்டிய உயிர்வேலி ஒரு பகுதியை மற்றதிலிருந்து மறைக்கும். வேலியில் ஒரு வாசல், நுழைந்தால் வேறு உலகம், மறுபடி ஒரு வாசல்.

முதலில் சங்க் கார்டன் என்கிற பள்ளத் தோட்டத்துக்குப் போங்கள். நடுவில் எண்கோணக் குளம், சுற்றிப் படிப்படியாகப் பாத்திகள், பின்னால் களஞ்சியமும் ஹாப் சூளைக் கூரையின் வெள்ளைத் தொப்பிகளும். இதை வடிவமைத்தவர் லுட்யன்ஸ் இல்லை, நத்தானியேல் லாய்டு. முதல் உலகப் போரின்போது இங்கே இருந்த புல்தரையைத் தோண்டிக் காய்கறி போட்டார்கள், போர் முடிந்ததும் அந்த இடத்தைத்தான் பள்ளத் தோட்டம் ஆக்கினார். உட்கார்ந்து தட்டான்களை வேடிக்கை பார்க்க ஏற்ற இடம், படம் எடுக்கிற கூட்டமும் இங்கேதான் அதிகம்.

பக்கத்திலேயே சுவர் சூழ்ந்த தோட்டம் ஒன்று. தரையைப் பாருங்கள்: கூழாங்கற்களைப் பதித்து இரண்டு டாக்ஸ்ஹண்ட் நாய்கள், நீள உடம்பும் குட்டைக் காலுமாக. கிறிஸ்டோபர் லாய்டு வளர்த்தவை, பெயர் டேலியா, கேனா. குழந்தைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். அவர்களோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், யூ மரத்தின் சிவப்புப் பழம் பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் கொட்டையும் அந்த மரத்தின் இலையும் நஞ்சு. தொட்டால் ஒன்றுமில்லை, வாயில் போடக் கூடாது.

யூ மரங்களை மயில்களாக வெட்டி நிறுத்தியிருக்கும் பீகாக் கார்டனை வழியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மயில் என்று நம்பிப் பார்த்தால் மயில். வீட்டுக்கு மேற்பக்கம், தெற்குப்பக்கம் என்று இன்னும் சில பகுதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் நான் சொல்லிக்கொண்டுபோனால் உங்களுக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் லாங் பார்டர். 15 அடி அகலம், 210 அடி நீளத்தில் ஒரே பாத்தி. முன்னால் கல்பாதை, மறுபக்கம் பழத்தோட்டப் புல்வெளி. முதல் தடவை நிற்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடுங்கள், படமும் வேண்டாம். திரும்பி வரும்போது பத்தடிக்கு ஒரு தடவை நில்லுங்கள். இப்போது தெரியும்: புதர், கொடி, வருடாவருடம் துளிர்க்கும் செடி, ஒரே பருவத்தில் முடிந்துபோகும் செடி, கிழங்கு எல்லாவற்றையும் ஒரே பாத்தியில் கலந்திருக்கிறார்கள். இந்தக் கலப்புப் பாத்திதான் கிறிஸ்டோபர் லாய்டின் கையெழுத்து. ட்யூலிப் பூத்து முடிந்து வாடும் நேரத்தில் பக்கத்துச் செடி இலைவிட்டு அதன் மேல் படர்ந்து அசிங்கத்தை மறைத்துவிடும். பாப்பி முடிந்ததா, பிடுங்கிவிட்டு, பின்னால் தொட்டியில் வளர்த்துத் தயாராக வைத்திருக்கும் செடியை அந்தக் குழியில் இறக்கிவிடுவார்கள். பாத்திக்குள் கூர்ந்து பார்த்தால் தோட்டக்காரர் ஒருவர் பலகை போட்டு அதன்மேல் நின்று வேலை செய்துகொண்டிருப்பார். களிமண், நேராகக் கால் வைத்து மிதித்தால் இறுகிவிடும், அதற்குத்தான் பலகை. கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார்கள். உலகம் முழுவதிலுமிருந்து தோட்டக்கலை படிக்கிறவர்கள் இங்கே வந்து தங்கி வேலை பழகுகிறார்கள், அதனால் விளக்கிச் சொல்வது இங்கே எல்லோருக்கும் பழக்கம்.

நிறத்தையும் கவனியுங்கள். வெள்ளைக்கு ஒரு தோட்டம், நீலத்துக்கு ஒரு தோட்டம் என்று மென்மையாக நிறம் சேர்ப்பதுதான் ஆங்கிலத் தோட்டத்தில் நாகரிகமாக இருந்தது. லாய்டுக்கு அந்தக் கட்டுப்பாடு ஒத்துவரவில்லை, அடிக்கிற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை என்று மெஜந்தாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நட்டார். அங்கே சிலர் முகம் சுளித்தார்கள். மாம்பழ மஞ்சள் பட்டுக்கு அரக்குக் கரை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

அடுத்து எக்ஸாட்டிக் கார்டன். முன்பு மாட்டுத் தொழுவமாக இருந்த முற்றத்தை லுட்யன்ஸ் ரோஜாத் தோட்டம் ஆக்கியிருந்தார். எண்பது வருடம் ஒரே இடத்தில் ரோஜா வைத்தால் மண் சலித்துப்போகும், புதிதாக வைத்த ரோஜா பிடிக்காது. 1993இல் லாய்டும், அப்போது புதிதாகத் தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்திருந்த ஃபெர்கஸ் காரெட்டும் ரோஜாக்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெப்பமண்டலத் தோட்டம் போட்டார்கள். லுட்யன்ஸ் வைத்த ரோஜாவைப் பிடுங்குவதா என்று தோட்டக்கலை உலகம் கொதித்தது. லாய்டுக்கு அப்போது வயது 72.

உள்ளே நுழைந்தால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். வாழை, கல்வாழை, சேம்பு, ஆமணக்கு. நம் பக்கம் கொல்லைப்புறத்தில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தானாக முளைப்பதையெல்லாம் இங்கே விலை கொடுத்து வாங்கி, பார்த்துப் பார்த்து வளர்க்கிறார்கள். சிரித்துவிட்டு அப்படியே வந்துவிடாதீர்கள். அந்த ஆமணக்கின் சிவந்த இலையைச் சூரியனுக்கு எதிரே பாருங்கள், நரம்பு நரம்பாகத் தெரியும், அதற்குப் பின்னால் கருஞ்சிவப்பு டேலியா, மேலே மெல்லிய காம்பில் ஆடும் ஊதா வெர்பீனா. நாம் எண்ணெய்க்கும் கறிக்கும் இலைபோட்டுச் சாப்பிடவும் வைத்திருந்த செடியை இவர்கள் இலையின் அழகுக்காக மட்டும் வைத்திருக்கிறார்கள். பாதை குறுகல், இலைகளை விலக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும், முதல் நாள் மழை பெய்திருந்தால் தோள்பட்டை நனையும். குளிர்காலத்துக்கு முன் கல்வாழைக் கிழங்கையும் டேலியாக் கிழங்கையும் தோண்டி எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள், தரையிலேயே நிற்கும் ஜப்பான் வாழைத் தண்டைச் சுற்றிக் காய்ந்த பெரணி இலையைத் திணித்துப் போர்த்துவிடுவார்கள். அந்த வாழை பழத்துக்கு ஆகாது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு இயற்கையைக் கெடுத்துச் செயற்கையாகச் செய்கிறார்களோ என்று நினைக்கலாம். 2017 முதல் இங்கே இருக்கும் உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். சுற்றியுள்ள காடு, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும்விடப் பூச்சிகளும் சிலந்திகளும் தேனீக்களும் வகைவகையாக நிறைந்திருந்தது இந்த அலங்காரத் தோட்டத்தில்தான் என்று தெரியவந்தது. எப்போதும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருப்பதும், பழைய சுவர் இடுக்கும் மரப்பொந்தும் அப்படியே விடப்பட்டிருப்பதும் காரணம்.

கடைசியில் வீடு

தோட்டம் ஒரு சுற்று முடிந்த பிறகு வீட்டுக்குள் போங்கள். தன்னார்வலர்கள் ஒவ்வோர் அறையிலும் இருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள். நிற்க வேண்டிய இடம் கிரேட் ஹால். ஏறக்குறைய 40 அடி நீளம், 31 அடி உயரம். அந்தக் காலத்தில் புகைபோக்கி கிடையாது, கூடத்தின் நடுவில் தரையில் நெருப்பு, புகை மேலே ஏறிக் கூரை வழியாகப் போகும். பின்னால் வந்தவர்கள் குளிருக்கு அஞ்சி நடுவில் தளம் போட்டுச் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்துவிட்டார்கள். அந்தத் தடுப்பையெல்லாம் பிரித்தெறிந்து கூடத்தைப் பழைய உயரத்துக்கு மீட்டது லுட்யன்ஸ். அண்ணாந்து உத்தரங்களைப் பாருங்கள், பழைய உடைமையாளர்களின் குடும்பச் சின்னங்கள் செதுக்கியிருக்கும். அதில் டாலிங்ரிஜ் குடும்பத்தின் சின்னமும் ஒன்று, பக்கத்தில் போடியம் கோட்டையை 14ஆம் நூற்றாண்டில் கட்டியவர்களும் இந்தக் குடும்பத்தார்தான்.

மாடியில் சோலார் என்கிற குடும்ப அறை, புத்தகங்கள், குடும்பத்தார் தைத்த பூவேலை விரிப்புகள். டிக்கெட்டில் வீட்டையும் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் மாடி ஜன்னல்தான். கீழே நடக்கும்போது உயிர்வேலி மறைத்த தோட்டம் மேலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கிறது என்று புரிந்துவிடும். லாய்டு குழந்தைகளின் அறைக்கு லுட்யன்ஸ் தரையை ஒட்டி ஒரு ஜன்னல் வைத்தார், தவழும் குழந்தையும் வெளியே பார்க்கட்டும் என்று. ஆறு குழந்தைகளில் கடைசியாக 1921இல் இங்கேயே பிறந்த கிறிஸ்டோபர், 2006இல் இறக்கும்வரை இதைத்தான் தன் வீடாக வைத்திருந்தார்.

வீட்டிலிருந்து வெளியே வந்ததும் டீ குடிக்கப் போய்விடாமல் லாங் பார்டருக்கு மறுபடி ஒரு நடை போய்வாருங்கள். மதியத்துக்கு மேல் வெயில் திசை மாறியிருக்கும், காலையில் பார்த்த பாத்தி போலவே இருக்காது.

நர்சரி

1954இல் கிறிஸ்டோபர் தொடங்கிய நர்சரி இப்போதும் நடக்கிறது, தோட்டத்தில் நீங்கள் பார்த்த செடிகள் பலவும் இங்கே சின்னத் தொட்டியில் கிடைக்கும். நோட்டில் குறித்ததைக் காட்டி, உங்கள் வீட்டில் வெயில் எத்தனை மணி நேரம், மண் என்ன மண் என்று சொல்லிக் கேளுங்கள், ஒத்துவராத செடியை ஒத்துவராது என்றே சொல்லிவிடுவார்கள். லண்டனில் சின்னப் பின்கட்டு உள்ளவர்கள் ஒரு டேலியாவும் ஒரு கல்வாழையும் வாங்கினால் போதும். ஊருக்கு எடுத்துப்போகலாம் என்று மட்டும் வாங்காதீர்கள். இந்தியாவுக்குள் செடியோ விதையோ கொண்டுபோக நோயில்லை என்ற சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் வேண்டும், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் செடிச் சந்தை நடக்கும் நாட்களில் பல நர்சரிகள் ஒரே இடத்துக்கு வரும், வாங்குவதற்கு அது ஏற்ற நாள், நிதானமாகத் தோட்டம் பார்ப்பதற்கு இல்லை.

நேரம் மிஞ்சினால் மூன்று மைலில் போடியம் கோட்டை. சிசிங்ஹர்ஸ்ட் தோட்டமும் பக்கம்தான் என்று யாராவது சொல்வார்கள், இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள், சாயங்காலம் எந்தப் பூவை எங்கே பார்த்தோம் என்று குழம்பிவிடும். ரயிலில் வந்தவர்கள் நான்கு மணிக்கே நர்சரியை முடித்துக்கொள்ளுங்கள். தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும், அந்தப் பேருந்தை விட்டால் டாக்சிதான், அதையும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால்தான் வரும்.